யாருக்கு என்று கேட்காத அறை

கட்டு மாற்றும் அறையில் யாரும் 'யாருக்கு' என்று கேட்கக் கூடாது. அந்த விதியை எழுதியவன் நான்தான். எழுதியதோடு விட்டேனா? பச்சை மையில் அச்சடித்து, கண்ணாடி போட்டு, சுவரில் மாட்டியதும் நான்தான். அமலோற்பவம் அக்காவை அந்த விதி கொல்லப் பார்த்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏதோ பெரிய மூளைக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள்.

என் பெயர் இசக்கியப்பன். தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு தீக்காய மருத்துவமனையில் பட்டை ஓட்டுபவன். லாரி ஓட்டுகிறவர் மாதிரி நான் பட்டை ஓட்டுகிறேன். வலி மருந்துகள் ஒவ்வொன்றாக மனித உடம்புக்குப் பழகிப்போய், ஒன்றுக்கும் உதவாமல் ஆகிவிட்ட காலம் இது. ஊசி போட்டால் உடம்பு 'அப்படியா' என்று கேட்டுக்கொண்டு தன் பாட்டுக்கு வலிக்கும். வெந்த தோலில் ஒட்டிய துணியை ஒருநாள் விட்டு ஒருநாள் உரித்தெடுத்தாக வேண்டும். மருந்தில்லாமல் அதைச் செய்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேண்டாம், யோசிக்காதீர்கள்.

அதற்குத்தான் சாட்சிகள் இருந்தார்கள். எங்களிடம் சாட்சி என்றால் கோர்ட்டில் கூண்டேறுகிறவர் இல்லை. வருஷக்கணக்காகத் தியானத்தில் உட்கார்ந்து, வருகிற மூச்சையும் போகிற மூச்சையும், அரிக்கிற முதுகையும், மரத்துப்போன காலையும் சும்மா பார்த்துப் பழகியவர். நோயாளி தலையில் ஒரு பட்டை, சாட்சி தலையில் ஒரு பட்டை, இரண்டையும் இணைப்பது என் இயந்திரம். என் திரையில் இரண்டு கோடுகள் ஓடும். நான் திருகைத் திருப்பத் திருப்ப அவை நெருங்கி நெருங்கி ஒன்றாகிவிடும். சாட்சியின் பார்வை நோயாளிக்கும் வந்துவிடும். அதற்குப் பிறகு துணியை உரித்தாலும் அறையில் சத்தம் இருக்காது. பதினோரு வருஷமாக எங்கள் வார்டில் யாரும் கத்தியதில்லை. ஊரில் 'சத்தமில்லா வார்டு' என்றே பெயர். எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

வெள்ளைத்துரை வந்த அன்று அந்தப் பெருமைக்கு முதல் அடி விழுந்தது. அரிசி ஆலையில் பாய்லர் பார்க்கிறவன், முப்பத்திரண்டு வயது. நீராவிக் குழாய் வெடித்ததில் வலது கை விரல்நுனியிலிருந்து கழுத்து வரை வெந்திருந்தது. பட்டையைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“எனக்கு வேண்டாம். வலி இருக்கட்டும்.”

“என்னப்பா வீம்பு இது?” என்றார் டாக்டர் மெஹ்ருன்னிசா. பத்து நோயாளிகளுக்கான பொறுமையை ஒரே ஆளுக்குச் செலவழிக்கக்கூடியவர்.

“நீங்கதானம்மா சொன்னீங்க, வலிச்சா நரம்பு உசுரோட இருக்குன்னு. அப்ப வலி போச்சுன்னா கை போச்சுன்னுதான அர்த்தம்? இது இருக்கிற வரைக்கும் எனக்குக் கை இருக்கு. இத நான் யாருக்கும் தர மாட்டேன்.”

அப்போதுதான் அமலி அக்கா உள்ளே வந்தார். முழுப்பெயர் அமலோற்பவம். ஐம்பத்துநாலு வயது. சாட்சியாக வருவதற்கு முன் பதினெட்டு வருஷம் தூத்துக்குடி - திருச்செந்தூர் தடத்தில் பஸ் கண்டக்டர். 'நின்னே தேஞ்ச காலுக்கு உக்காரக் கெடச்ச ஒரே எடம் தியான வகுப்புதான்' என்பார். எங்கள் சாட்சிகளில் அவரைப் போல இன்னொருவர் இல்லை.

“ஒன் வலிய எடுத்துட்டுப் போய் நான் என்ன தம்பி கொழம்பா வைக்கப் போறேன்?” என்றார் அவனிடம். “அது அங்கனயேதான் இருக்கும். நான் பக்கத்துல உக்காந்து பாக்கப் போறேன், அவ்வளவுதான். இங்க பாரு. வலின்னு ஒரு ஆளு இருக்கான். 'ஐயோ வலிக்கே, எப்ப நிக்கும், கை போயிருமோ, பொழப்பு என்னாவும்'னு பொலம்புத இன்னொரு ஆளும் இருக்கான். ரெண்டு பேரும் ஒரே சட்டையப் போட்டுட்டு ஒண்ணாவே வருவானுவ. உத்துப் பாத்தா வேற வேற ஆளுன்னு தெரிஞ்சிரும். ரெண்டாவது ஆளு எறங்கிப் போயிருவான்.”

“மொத ஆளு?”

“அவன நீ தொரத்துனாலும் போவ மாட்டான்.”

வெள்ளைத்துரை பட்டைப் பக்கம் முகத்தைத் திருப்பினான். பிறகு தலையைக் கொடுத்தான்.

அக்கா சொல்லச் சொல்ல நான் படிவத்தில் ஏற்றுவேன். “வலது முழங்கை. உள்ளங்கை அகலம். சூடு. துடிக்கி. இப்ப நகருது. மணிக்கட்டு.” இடம், அளவு, சூடு, நகர்வு, இவ்வளவுதான் சாட்சி சொல்ல வேண்டியது. சத்தமில்லா வார்டு ஆவதற்கு முன், ஆரம்ப வருஷங்களில், படிவத்தில் 'யாருக்கு' என்றும் ஒரு கட்டம் இருந்தது. 'அவனுக்கு வலிக்குது' என்று சொன்ன சாட்சிக்கு இரக்கம் பொங்கி இணைப்பு அறுந்தது. 'எனக்கு வலிக்குது' என்று சொன்ன சாட்சி மயங்கி விழுந்தார். அதனால் அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டேன். சாட்சி சொல்வது எல்லாம் நோயாளியின் கணக்கில் ஏறும். வேறு யார் கணக்கில் ஏறப் போகிறது என்று நினைத்தேன்.

மூன்றாவது கட்டு மாற்றிய பிறகு வெள்ளைத்துரை கண்ணைத் திறந்து, தூங்கி எழுந்தவன் குரலில் சொன்னான்:

“அண்ணாச்சி, உள்ள ஒரு பஸ்ஸு ஓடுது.”

இணைப்பு நன்றாகப் பொருந்தினால் சாட்சியின் மனசில் இருப்பது நோயாளிக்கும் தெரியும். சிலருக்குக் கடல் தெரியும், சிலருக்கு வெறும் நிறம். அவனுக்கு அக்காவின் பஸ் தெரிந்திருக்கிறது. மத்தியான பஸ். ஓட்டுநர் இருக்கையில் யாருமில்லை, ஆனாலும் போகிறது. இரண்டு பக்கமும் உப்பளம். பாத்தி பாத்தியாக வானம் தரையில் கிடக்கிறது. வெள்ளைக் குவியல்கள் மெதுவாகப் பின்னால் போகின்றன. ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து சீட்டுகளில் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளைத்துரை ஜன்னலோரம். அக்கா படிக்கட்டருகே, காக்கிச் சட்டையும் விசிலுமாக.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் வலிகள் ஏறினார்கள். முழங்கைக்காரன் எப்போதும் முதலில் ஏறிக் கால் மேல் கால் போட்டு உட்காருவான். விரல்நுனியில் குத்துகிறவர்கள் ஐந்து பேர், ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவார்கள். கழுத்துக்காரி யாரோடும் பேச மாட்டாள். எல்லாருடைய உடம்பிலிருந்தும் அனல் அடிக்கும். அக்கா யாரையும் தள்ளவில்லை, யாரையும் கெஞ்சவில்லை. 'ஏறுங்க. முன்னால போங்க. எடம் இருக்கு.' கொஞ்ச தூரம் போனதும் அவர்களே இறங்கி, உப்புக் குவியல்களுக்கு நடுவே நடந்து, சின்னதாகிப் போவார்கள். வெள்ளைத்துரை ஒருவர் விடாமல் எண்ணுவான். அவர்கள் வந்தால்தானே அவனுக்குக் கை இருக்கிறது? கட்டு முடிந்ததும், “இன்னைக்கும் எல்லாரும் வந்துட்டாவ அண்ணாச்சி,” என்று என்னிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குவான்.

ஒருநாள் அவன் அக்காவிடம் கேட்டான். “நெசத்துல நீங்க போன பஸ்ல சண்டையே வராதாக்கா?”

“சண்டை வரும், வாந்தி வரும். ஒரு பிள்ளத்தாச்சிக்கு வலியே எடுத்திருக்கு, நேரா ஆஸ்பத்திரிக்கு விடுங்கன்னுட்டேன். நடுவழியில நிறுத்துனதே கெடையாது. ஒண்ணே ஒண்ணுக்குத்தான் நிறுத்துவேன். யாருதுன்னு தெரியாத பை கெடந்தா. 'யாரு பை, யாரு பை'ன்னு கேப்பேன். ஒருத்தரும் வாயத் தொறக்கலன்னா ஒரு விசில். வண்டி நின்னுரும். அதுக்கு மேல ஒரு அடி நகராது.”

அக்காவின் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் அவர் கணவர் அந்தோணி இறந்தார். நான் போயிருந்தேன். எல்லாரும் அழுதுகொண்டிருக்க, அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “துக்கம் இருக்கு தம்பி. தொண்டையில. நெல்லிக்காய் அளவு,” என்றார். எனக்குப் புல்லரித்தது. என்ன ஒரு பக்குவம் என்று நினைத்தேன்.

வாசலில் அவர் மகள் ரெஜினா என்னை நிறுத்தினாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. “அண்ணே, எங்கம்மாவ என்ன செஞ்சு வச்சிருக்கீங்க? எங்கப்பா செத்ததுக்கு அளவு சொல்லுதாங்க.”

நான் அவளுக்குச் சமநிலை பற்றி ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. கேண்டீனில் ஒருநாள் கொதிக்கிற டீத் தம்ளரைக் கையில் வைத்தபடியே இருந்தார். விரல் சிவந்துவிட்டது. “அக்கா, சுடலையா?” என்றேன். “சூடு இருக்கு,” என்றார், யாரோ மூன்றாம் மனுஷியின் விரலைப் பற்றிச் சொல்வதுபோல. நான் சிரித்தேன். தீக்காய வார்டில் தீக்காயத்துக்குப் பயப்படாத ஒரே ஆள் என்று கேலி வேறு செய்தேன்.

வெள்ளைத்துரைக்குப் பத்தாவது கட்டு. வழக்கமான வலிகளெல்லாம் வந்து போன பிறகு அக்கா சொன்னார்: “இடது தோள். எலுமிச்சம்பழம் அளவு. பாரம்.”

நான் ஏற்றினேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “இடதா? வெந்தது வலதுதானே?” இடது தோளில் பாரம் என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளைத்துரையை மேல்மாடி இதயப் பிரிவுக்கு அனுப்பி ஈசிஜி எடுத்தோம். சுத்தமாக இருந்தது. அடுத்த முறை: “இடது தாடை. தேங்காய் அளவு. நகரல.” மறுபடியும் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை. மறுபடியும் சுத்தம். ஒரு பக்கத்து வலி மறுபக்கத்தில் எதிரொலிக்கும் என்று எங்களுக்கு நாங்களே பெரிய பெரிய வார்த்தையாகச் சொல்லிக்கொண்டோம்.

அந்த இரண்டு முறையும் அவன் பின்னாலேயே அக்காவும் படியேறி வந்தார், அவனுடைய தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று வந்தார். நான் அவரைத் தாண்டிப் போகும்போது, “என்னக்கா, ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா நிக்கீங்க?” என்றேன். அவரும் சிரித்தார். நெற்றியெல்லாம் வேர்வை. தூத்துக்குடியில் யாருக்குத்தான் வேர்க்கவில்லை?

பன்னிரண்டாவது கட்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. ஜன்னலுக்கு வெளியே உப்பளம் கண் கூசியது. கோடுகள் நெருங்கின, ஒன்றாயின. நர்ஸ் துணியை நனைத்து உரிக்க ஆரம்பித்தார். அக்கா நாற்காலியில் கண்மூடி உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கே தூக்கம் வருகிற மாதிரி இருந்தது.

“பின்னால. மூட்டை அளவு. பாரம். சில்லுன்னு இருக்கு.”

வெள்ளைத்துரையின் உதடு அசைந்தது. கண் மூடியபடியே கேட்டான்:

“அண்ணாச்சி, அந்தப் பை யாருது?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சுவரில் மாட்டியிருந்த சட்டகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், “தம்பி, இங்க அப்படியெல்லாம் கேக்கக் கூடாது.”

உள்ளே என்ன நடந்தது என்று பிறகு அவன்தான் சொன்னான். பின்சீட்டில் அந்தப் பை சில நாட்களாகவே இருந்திருக்கிறது. முதலில் கையடக்கமாக இருந்தது. கண்டக்டரின் டிக்கெட் பை என்று நினைத்து அவன் சும்மா இருந்துவிட்டான். அன்றைக்கு அது சீட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. பஸ் அந்தப் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போயிற்று. வெயில் நகரவில்லை. உப்புக் குவியல்கள் நின்றுவிட்டன. அவனுடைய ஆட்கள் எல்லாரும், முழங்கைக்காரன், விரல்காரர்கள், கழுத்துக்காரி, திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார்கள். ஒருவரும் 'என்னுது' என்று சொல்லவில்லை.

அவன் எழுந்து போய் அதைத் தொட்டான். ஐஸ் மாதிரி இருந்தது.

“எக்கா, இது யாரு பை?”

“பை இருக்கு தம்பி,” என்றார் அக்கா. “பின்சீட்டுல. மூட்டை அளவு.”

“அது தெரியுதுக்கா. யாருதுன்னு கேக்கேன். விசில் அடிங்க.”

அக்கா விசிலைக் கையில் எடுத்துப் பார்த்தார். எதற்கு என்று மறந்துபோனவர் போல மறுபடி தொங்கவிட்டார். அவர் முகத்தில் இருந்த அமைதியைப் பார்த்துத்தான் பயந்துபோனதாக வெள்ளைத்துரை சொன்னான். அப்படி ஒரு அழகான முகத்தை அவன் பார்த்ததே இல்லையாம். தன் பஸ் கவிழப் போகிறது என்று தெரியாத முகம்.

இங்கே அறையில், துணி பாதி உரிந்த நிலையில், அவன் வலது கை மேலே எழுந்தது. தோலில்லாத விரல்கள். மடங்குமா மடங்காதா என்று டாக்டருக்கே சந்தேகமாக இருந்த விரல்கள். அவை மடங்கின. தலையிலிருந்த பட்டையைப் பிடித்துப் பிய்த்து எறிந்தான்.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு எங்கள் வார்டில் ஒரு மனுஷன் கத்தினான். சாட்சியில்லாமல், துணையில்லாமல், முழு வலியையும் வாங்கிக்கொண்டு கத்தினான்.

“ஐயோ! இது... இதுதாம்மா என்னுது! அது என்னுது இல்ல! என் வலி எனக்குத் தெரியாதா? என் ஆளுவ எல்லாம் சூடு, அது சில்லுன்னு இருக்கு! அக்காவப் பாருங்க! அக்காவப் பாருங்க!”

என் திரையில் கோடு இரண்டாகப் பிரிந்தது. ஒன்று மேலும் கீழும் குதித்தது, அது அவனுடையது. இன்னொன்று, நாங்கள் தனியாகப் பார்க்கவே மறந்துபோன கோடு, தள்ளாடிக்கொண்டிருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். அக்காவின் உதடு வெளிறியிருந்தது. சேலை முழுவதும் நனைந்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

“நெஞ்சு,” என்றார் மிக மெதுவாக. “மூட்டை அளவு. நகரல.”

மேல்மாடிக்கு ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். இதயத்தில் அடைப்பு. இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் அங்கிருந்த மருத்துவர். நான் கீழே வந்து அந்தச் சட்டகத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு உட்கார்ந்து அழுதேன்.

மூன்றாம் நாள் அக்காவைப் பார்க்க அனுமதித்தார்கள். மத்தியானம். திரைச்சீலை வழியாக வெயில் கட்டில் மேல் விழுந்திருந்தது. ரெஜினா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்து எழவுமில்லை, திட்டவுமில்லை. டாக்டர் மெஹ்ருன்னிசா என்னிடம் ஒரு படிவத்தைக் கொடுத்திருந்தார். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதி வர வேண்டும்.

“எப்படிக்கா இருக்கு?”

“வலி இருக்கு தம்பி,” என்றார் கண்ணைத் திறக்காமல். “நெஞ்சு. ஆரஞ்சு அளவு. சூடு இல்ல.”

நான் எழுதவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன்.

“யாருக்குக்கா?”

அக்கா கண்ணைத் திறந்தார். அந்தத் தடத்தில் இல்லாத ஒரு ஊரின் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

“யாருக்கும்மா?” என்றாள் ரெஜினா. “சொல்லும்மா. யாருக்கு வலிக்கி?”

அக்காவின் மூச்சு உள்ளே போயிற்று, வெளியே வரக் காணோம். அவர் அதைப் பார்க்க முயன்றார். எங்களுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷப் பழக்கம் லேசில் விடுமா? ஆனால் ரெஜினா கையை விடவில்லை.

“எனக்கு,” என்றார் அக்கா.

சொன்னதும் அவரே திடுக்கிட்டார். மறுபடி, சத்தமாக, “எனக்குத்தான். எனக்கு வலிக்கி ரெஜினா. நெஞ்சு வலிக்கி. உங்கப்பா போயிட்டாரே ரெஜினா. என்ன விட்டுட்டுப் போயிட்டாரே. எனக்கு வலிக்கே, எனக்கு வலிக்கே!”

பதினெட்டு வருஷம் பஸ்ஸின் கடைசி சீட்டு வரைக்கும் கேட்ட குரல் அது. மாடி முழுவதும் எதிரொலித்தது. ஒரு நர்ஸ் ஓடி வந்தார். வாசலில் நின்றிருந்த டாக்டர் மெஹ்ருன்னிசா அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். நாடித் துடிப்பைக் காட்டும் திரையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே, “இருக்கட்டும்,” என்றார், “நான் பாத்துக்கறேன்.” ரெஜினா அம்மாவின் மேல் சாய்ந்து அவளும் அழுதாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த வீட்டில் அந்தோணியின் சாவு விழுந்தது.

படிவத்தில் 'யாருக்கு' என்ற கட்டம் இல்லை. ஓரத்தில் நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அமலோற்பவம் அந்தோணி என்று எழுதினேன்.

அந்தச் சத்தம் படியிறங்கிக் கீழே வார்டு வரைக்கும் போயிருக்கிறது. அங்கிருந்த நோயாளிகள் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தார்களாம். வெள்ளைத்துரை மட்டும் கட்டுப் போட்ட கையை மெதுவாக மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். வலித்திருக்கும். என்ன சத்தம் அது என்று பக்கத்துக் கட்டில்காரர் கேட்டிருக்கிறார்.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி,” என்றானாம். “எங்க அக்கா விசில் அடிச்சிட்டாங்க.”